ஐயம் புகுந்த தெரு
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவன்)

வாடகைக்கு வீடு தேடி வருகிறவரிடம் எந்த ஊர், எத்தனை பேர் என்று கேட்பது நம் பகுதியில் பழைய வழக்கம். 2012-ஆம் ஆண்டில் அதற்கு வேறொரு பொருள் வந்தது. அவ்வாண்டு ஜனவரியில் பெருங்குடியிலும், பிப்ரவரியில் கீழ்க்கட்டளையிலும் வங்கிகள் கொள்ளையடிக்கப்பட்டன. பிப்ரவரி 23 அன்று வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐவர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொள்ளையர் இவர்களே, வடமாநிலத்தவர் என்று காவல்துறை கூறியது. பின்னர், குடியிருப்போர் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டுமென வீட்டு உரிமையாளர்களுக்கு ஆணை பிறந்தது.

திருடனைப் பிடிக்க வேண்டாம் என்று எவர் சொல்வார்? ஆனால் குற்றவாளியைத் தேடுவது வேறு. பக்கத்து வீட்டுக்காரனை ஒற்றனாக்குவது வேறு. கிழக்கு ஜெர்மனியில் 1989-இல் இரகசியப் போலீசுக்குத் துப்புச் சொன்ன பொதுமக்களே ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவ்வளவு கோப்புகளும் அந்த அரசைக் காக்கவில்லை. மக்கள் வாய் திறந்து பேசாத நாட்டில் கோப்பில் எதைத்தான் எழுத முடியும்?

எங்கள் தெருவில் சென்ற ஆண்டு ஒடிசாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர் நால்வர் வீடு கேட்டனர். "நமக்கேன்பா வம்பு?" என்றார் வீட்டுக்காரர். நல்ல மனிதர்தாம், என் தந்தைக்கு ஆத்திர அவசரத்துக்குக் கைமாற்று தந்தவர். தந்தையும் செய்யாற்றுப் பக்கத்திலிருந்து மூட்டையோடு தாம்பரத்தில் இறங்கியவரே. அன்று ஒருவர் நம்பி இடம் தந்ததால்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரிக்கு வந்திருக்கிறேன். அந்த நால்வரோ வேலை நடக்குமிடத்துத் தகரக் கொட்டகைக்குப் போய்விட்டனர். தெருவில் இருந்திருந்தால் பால்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் அவர்களைத் தெரிந்திருக்கும். இப்போது யாருக்கும் தெரியாது. ஐயப்பட்டதால் நாம் அறிந்தது குறைந்ததேயன்றிக் கூடவில்லை.

சட்டம் இதை மெதுவாகவே உணர்ந்தது. நள்ளிரவில் வந்து கதவைத் தட்டும் போலீஸ் வழக்கத்தை 1962-இல் உச்ச நீதிமன்றம் கரக் சிங் வழக்கில் ரத்து செய்தது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூற 2017 ஆகிவிட்டது.

தெருவுக்குள் விழுந்த பிளவை எந்த நீதிமன்றம் சரி செய்யும்? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அஞ்சிப் பலர் ஊருக்கு இரயிலேறினர். மெய்யா பொய்யா என்று உரிமையோடு கேட்க, பக்கத்து வீட்டில் ஒரு தமிழரைக்கூட அறியாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்?