மாரியிற் பாசிக்குடா

கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர் பலர் மார்கழி விடுமுறையிலேயே ஊர் திரும்புகின்றனர். பிள்ளைகளுக்குப் பாசிக்குடாவைக் காட்ட விழைகின்றனர். அவர்கள் இதனை அறிதல் நன்று.

கோடையிலே தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, வறண்ட கச்சானாக இப்பக்கம் இறங்குகின்றது. ஆதலால் கொழும்புக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இக்குடா குளம்போற் கிடக்கும். ஆழங் குறைந்த நீரும், அலையைத் தடுக்கும் முருகைக்கற்பாரும் அதற்குத் துணை.

ஐப்பசிக்குப்பின் வாடைக்காற்று வீச, நிலைமை மாறும். நீர் கலங்கும், தோணிகள் பல கரையேறும். விடுதிகளில் அறை எளிதிற் கிடைக்கும் என்பது மெய்யே. அதற்காகக் கலங்கிய கடலில் சிறுவரை இறக்குதல் தகாது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி இம்மாரியிலேதான் வந்தது. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலைக்கோ பருவம் ஒரு கணக்கன்று.

விடுமுறையைத் தள்ளிவைக்கக் கூடியவர்க்கு மாசி மாதமே ஏற்றது என்பேன். மழை ஓய்ந்து கடல் அடங்கத் தொடங்கும். கோடைக் கூட்டமும் வந்திராது. பொலன்னறுவை வழியாகப் புகையிரதத்தில் வந்து வாழைச்சேனையிலோ கல்குடாவிலோ இறங்குவோர், வழியிற் பெரும்போக அறுவடையையும் காணலாம்.