மலைப்பாதையில் முதலில் நடப்பது மழைதான்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறிலிருந்து இராஜமலைக்குப் போகிறவர்களின் கார், வேன் எல்லாம் அஞ்சாம் மைலோடு சரி. அதற்குமேல் வனத்துறைப் பேருந்துதான். அது இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலையில் நடந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. இவ்வளவுதான். இராஜமலையை உள்ளடக்கிய இரவிகுளம் தேசியப் பூங்காவின் கெட்டிக்காரத்தனமே அதில்தான் இருக்கிறது.

1975-ல் சரணாலயமாகி 1978-ல் தேசியப் பூங்காவான இந்த 97 சதுர கிலோமீட்டர் மலைநாட்டில் பயணிகளுக்கென்று புதிதாக ஒரு சரிவையும் வெட்டவில்லை. பெட்டிமுடித் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பழைய சாலையின் ஒரு துண்டையே நடைபாதையாக்கிக் கொண்டார்கள். 2,695 மீட்டர் ஆனைமுடி உட்பட மற்ற பகுதி முழுக்க வரையாட்டுக்கு. மனிதர்கள் தாரை விட்டு இறங்குவதில்லை என்பது பழகிப்போனதால், வரையாடுகள் சாலையோரத்திலேயே அலட்டிக்கொள்ளாமல் மேய்கின்றன. குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கேட்டுக்குப் பூட்டு.

புதுப்பாதை போட்டால் என்ன கெட்டுவிடும்? சோலைப் புல்வெளியில் பாறைமேல் கிடப்பது மெல்லிய மண்போர்வை. ஆயிரம் கால்கள் ஒரே கோட்டில் மிதித்தால் புல் சாகும், மண் இறுகும், நடுவில் பள்ளம் விழும். தென்மேற்குப் பருவமழை அந்தப் பள்ளத்தைத்தான் ஓடையாக எடுத்துக்கொள்ளும். அடுத்த சீசனில் வருகிறவர் சேற்றுக்குப் பயந்து பக்கத்துப் புல்லில் நடப்பார். ஒற்றையடிப் பாதை இரட்டையாகும், பிறகு நாலாகும்.

ஆகவே மலைப்பாதை அமைப்பவரின் முதல் கவலை மனிதரல்ல, தண்ணீர். உலகெங்கும் பாதை அமைப்போர் கைக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு: பாதையின் ஏற்றம், அது கடக்கும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மொத்தத்தில் பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏறும்படி இருந்தால் போதும். பாதையின் தளம் பள்ளத்தாக்குப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும்; இடையிடையே சற்றே இறங்கி ஏற வேண்டும். அப்போதுதான் நீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே கடந்து போகும். சிமென்ட் படிக்கட்டு என்றால் நம் ஒப்பந்ததாரர்களுக்குத் தனி உற்சாகம். செங்குத்தாக இறக்கிய படிக்கட்டு, நல்ல மழையில் அருவியாகிவிடும்.

இடுக்கியில் இது ஏட்டுக் கணக்கல்ல. மூணாறு - போடிமெட்டு நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது கேப் ரோடு பகுதியில் மலை மீண்டும் மீண்டும் சரிந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிவு தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடி 70 உயிர்களைக் கொண்டுபோனது. அது சுற்றுலாப் பாதையால் வந்த வினையல்ல. ஆனால் அதே மலைத்தொடரில் இன்னொரு சரிவைத் தொடுகிறவர் மறக்கக்கூடாத இரவு.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். தமிழ்நாட்டு எல்லைதான் இரண்டுக்கும் பொது; பயணிகளைக் கட்டுப்படுத்தும் வழிமுறையும் ஏறக்குறைய ஒன்று. பாலக்காட்டின் அமைதிப் பள்ளத்தாக்கில் முக்காலியிலிருந்து சைரந்திரி வரை 23 கிலோமீட்டர், வனத்துறை அனுமதித்த வாகனத்தில், வழிகாட்டியோடு. நீர்மின் அணை கட்டத் திட்டமிட்ட அந்த இடத்தில் இன்று காவல் கோபுரம் நிற்கிறது. அங்கிருந்து குந்திப்புழைக்குச் சிறிது தூரம் நடக்கலாம். அவ்வளவே. அதே மாவட்டத்தில் மலம்புழா அருகே குறும்பாச்சி மலையில் 2022 பிப்ரவரியில் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்ட இளைஞரை இரண்டு நாள் கழித்து இராணுவம்தான் மீட்டது. வகுத்த பாதையும் கூட வர ஆளும் இல்லாத மலை அப்படித்தான்.

ஆள் என்பதும் வடிவமைப்பின் பகுதிதான். தேக்கடியில் 1990-களின் பிற்பகுதியில், காட்டில் திருட்டுத்தனமாக வயணா என்னும் காட்டு இலவங்கத்தின் பட்டையை உரித்தவர்களே பெரியாறு புலிக் காப்பகத்தின் வழிகாட்டிகள் ஆனார்கள். எந்தச் சரிவு வழுக்கும், எந்த ஓடை மதியத்துக்குமேல் பொங்கும் என்பது அவர்களுக்கு வரைபடம் இல்லாமலே தெரியும்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகுதான் தமிழகம் மலையேற்ற விதிகளை இறுக்கியது. 2024-ல் 40 பாதைகளை இணையப் பதிவோடும் வழிகாட்டிகளோடும் திறந்தது. கேரளமோ 2023-ல் வாகமண்ணில் 40 மீட்டர் கண்ணாடிப் பாலத்தை நீட்டியது. பள்ளத்தாக்கைக் காலடியில் பார்க்க வரும் கூட்டத்துக்கு அது பிடித்திருக்கிறது. மலைக்குப் பிடித்ததா என்பது வேறு.

இரு மாநில எல்லையிலுள்ள கொழுக்குமலைதான் சிக்கல். தேயிலைத் தோட்டம் தமிழகத்தின் தேனி மாவட்டத்தில்; ஜீப் ஏறுவதோ இடுக்கியின் சூரியநெல்லியிலிருந்து. சூரிய உதயத்துக்கு விடிகாலையில் ஜீப்புகள் அந்தக் கற்பாதையில் குலுங்கி ஏறுகின்றன. ஒரு நாளைக்கு எத்தனை ஜீப், மழைக்காலத்தில் பாதையை எப்போது மூடுவது என்பதை இரு மாநிலமும் ஒன்றாக உட்கார்ந்துதான் பேச வேண்டும். அந்தப் பேச்சைத் தள்ளிப்போடவும் முடியாது: 2018-ல் இரவிகுளத்தில் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030-ல் பூக்கும். கூட்டம் அந்த ஆண்டு எப்படி இருக்கும் என்று மூணாறு லாட்ஜ்காரர்கள் இப்போதே சொல்லிவிடுவார்கள்.