முழங்கால் நுண்துளைச் சிகிச்சைக்குப் பின்

குழித்தறியில் மிதி மிதிப்பவருக்கும் வயலில் நாற்று நடுபவருக்கும் முழங்காலே முதல். அது முடங்கினால் கூலியும் முடங்கும். ஆதலின், முழங்காலில் நுண்துளைச் சிகிச்சை செய்துகொண்ட அங்கத்தினர்கள் நோவு தணிந்து விரைவில் தேறும் வகையைக் குறித்துச் சிறிது கூற விரும்புகிறோம்.

இச்சிகிச்சை ஜப்பானில் வளர்ந்தது. 1918-ஆம் ஆண்டில் டோக்கியோவில் கெஞ்சி தகாகி என்னும் டாக்டர், பிரேதத்தின் முழங்காலினுள் குழாய்க் கருவியொன்றைச் செலுத்தி உள்நோக்கினார். 1962-இல் மசாகி வாதனபே அவ்வழியாகவே கிழிந்த ஜவ்வின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தார். துளை சிறிதெனினும் உள்ளே நடைபெறும் வேலை சிறிதன்று. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

சிகிச்சை முடிவில் மூட்டினுள் மரப்பு மருந்து செலுத்துவது வழக்கம். அன்று மாலை நோவே இராது. அதை நம்பி மாத்திரையைத் தள்ளி வைப்பவர் நள்ளிரவில் துடிப்பார். மரப்பு நீங்குமுன்னரே, டாக்டர் குறித்த மாத்திரையை உட்கொள்ளவேண்டும். முதல் சில நாட்கள் நேரந்தவறாமல் தொடரவும் வேண்டும். பாரசிட்டமால் நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டலாகாது. மெலிந்த உடலினர்க்கு அளவு இன்னும் குறைவு. சிறுநீரக நோயோ வயிற்றுப் புண்ணோ உடையவர் இபுப்ரோஃபென் போன்றவற்றைத் தாமாக வாங்கி உண்ணலாகாது.

நோவைவிட வீக்கமே பெரும் பகை என்பது எம் கருத்து. மூட்டு வீங்கினால் தொடையின் முன்தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளை தானே தடைப்படுகிறது. நோவு அதிகமில்லாதவருக்கும் தொடை மெலிவது இதனாலேயே. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்தெடுக்கலாம், வெறுந்தோலில் வைக்கலாகாது. படுக்கும்போது தலையணையைக் குதிகாலின் கீழ் வைத்துக் காலை உயர்த்துக. முழங்காலின் கீழ் வைப்பது சுகமாயிருக்கும். ஆனால் மடங்கிய கால் நீட்ட வராமற் போகும். காலை நீட்டித் தொடையை இறுக்கி ஐந்து எண்ணித் தளர்த்துவதையும், கணுக்காலை மேலுங் கீழும் அசைப்பதையும் முதல் நாளிலேயே தொடங்கலாம். ஊன்றுகோலை மறுபக்கக் கையில் பிடித்தல் வேண்டும்.

தறிக்கு எப்போது திரும்பலாம்? ஜவ்வை வெட்டிச் சீர்செய்திருந்தால் சில வாரங்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்புவர். தைத்திருந்தால் அது ஆறச் சில மாதங்களாகும். அதுவரை குந்தி உட்காருதல் ஆகாது. எது செய்யப்பட்டதென்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காய்ச்சலோ, துளையில் சீழோ, கெண்டைக்காலில் வீக்கமும் வலியுமோ கண்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மார்வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

இன்னும் சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடாதவர்க்கு ஒரு செய்தி. தேய்மானத்தால் ஜவ்வு கிழிந்த 146 பேரிடம் பின்லாந்தில் ஒரு சோதனை நடத்தி, 2013-இல் முடிவை வெளியிட்டனர். உண்மையாக ஜவ்வை வெட்டியவர்களும், வெட்டாமல் பாவனைச் சிகிச்சை மட்டும் செய்யப்பட்டவர்களும் ஓராண்டிற்குப் பின் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். எனவே, வயதினால் தேய்ந்த முழங்காலுக்கு முதலில் பயிற்சி போதுமா என்று டாக்டரைக் கேட்டறியலாம். விபத்தில் கிழிந்தவர், கால் பூட்டிக்கொண்டு நீட்ட இயலாதவர் நிலை வேறு.