கோடியறைக்கும் வெப்பம்

தை மாதத்து இங்கிலாந்தில், வீடுகள் சிலவற்றில் ஒரு விந்தையைக் காணலாம். மாடிப்படியை அடுத்த படுக்கையறையில் இருப்போர் வெப்பந் தாளாது யன்னலைத் திறக்கின்றனர். அதே மாடியின் கோடியறையில் முதியவர் ஒருவர் கம்பளிக்குள் நடுங்குகின்றார். குளிர்நாட்டு வீடுகளினுள் வெப்பநிலை 18 பாகை சதமத்திற்குக் குறையலாகாதென உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அதனினும் கூடுதலாக வேண்டும்.

கொதிகலனிற் காய்ந்த நீரைப் பம்பியானது குழாய்வழியே செலுத்த, அந்நீர் அறைதோறுமுள்ள றேடியேற்றருட் புகுந்து, வெப்பத்தை ஈந்து மீள்கின்றது. பெரிய வீடுகளிற் கீழ்த்தளத்தையும் மேல்தளத்தையும் தனித்தனி வலயங்களாக்கி, வலயத்துக்கொரு வால்வும் வெப்பமுணர் கருவியும் பொருத்துவர். வலயம் முழுவதுமே குளிர்ந்திருந்தால் அதன் வால்வு திறவாது இறுகியிருக்கலாம். அது மின்தொடர்புடையது, தொழிலறிந்தவரிடம் விடுதலே நன்று.

ஒரு றேடியேற்றரின் மேற்பகுதி மாத்திரம் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்றுத் தங்கியுள்ளது. கொதிகலனை நிறுத்தி, நீரை ஆறவிட்டு, மேல்மூலைத் திருகைச் சிறு திறப்பினால் மெல்லத் தளர்த்தினால் காற்றுச் சீறி வெளிப்படும். நீர் கசிந்ததும் மூடிவிட வேண்டும். அடிப்பகுதி குளிர்ந்திருப்பின், பெரும்பாலும் கறுத்த இரும்புச் சேறு படிந்திருக்கும், கழுவித்தான் நீக்கவேண்டும்.

இவையொன்றும் இல்லாதபோதும் கோடியறை குளிர்கின்றதெனில், குற்றம் பங்கீட்டில் உள்ளது. தலைமடையில் வாய் அகன்றிருந்தால் கடைமடைக்கு நீர் எட்டுவதில்லை அல்லவா? பம்பிக்கு அண்மையிலுள்ள றேடியேற்றரும் அவ்வாறே நீரைத் தன்பால் ஈர்த்துக்கொள்கின்றது. இதனை அறியாதோர் கொதிகலனின் சூட்டை உயர்த்துவர். அதனாற் காசுதான் கரையும்: முன்னறை முன்னிலும் விரைவிற் காய, அங்குள்ள வெப்பமுணர் கருவி வலயத்தையே மூடிவிடும், கோடியறை குளிர்ந்தபடியே கிடக்கும்.

செய்யவேண்டியது இதற்கு மறுதலையானது. ஒவ்வொரு றேடியேற்றரின் ஒரு பக்கத்திலும், மூடிக்குள் மறைந்த வால்வொன்றுண்டு. எல்லாவற்றையும் முற்றாகத் திறந்து, குளிர்ந்த நிலையிலிருந்து கொதிகலனை இயக்கி, எது முதலிற் சூடேறுகின்றது, எது கடைசியில் என்று குறித்துக்கொள்ளல் வேண்டும். முந்திச் சூடேறியதை மூடிப் பின் காற்சுற்று மட்டும் திறந்து, அடுத்தடுத்தவற்றைப் படிப்படியாகக் கூட்டி, கடைசியானதை முழுதாகத் திறந்தே விடுதல் வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் நீரோட்டம் நிலைபெறக் காத்திருத்தல் அவசியம். அவசரக்காரருக்கு இவ்வேலை ஒவ்வாது. உட்செல்லும் குழாய்க்கும் வெளிவரும் குழாய்க்குமுள்ள வெப்பநிலை வேறுபாடு எல்லா அறைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகும்வரை திருத்திச் செல்லலாம்.

பின்னரும் முரண்பாடு தோன்றின், வெப்பமுணர் கருவி வெயில் விழும் சுவரிலோ, றேடியேற்றருக்கு நேர் மேலேயோ மாட்டப்பட்டுள்ளதா என்று நோக்குக.