பொம்மை ஊரில் ஏற்றும் விளக்கு

திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் கத்தோலிக்க இல்லங்களில் குடில் வேலையும் தொடங்கிவிடுகிறது. ஓராண்டாகப் பரண்மேல் உறங்கிய சுரூபங்கள் கீழே இறங்குகின்றன. வைக்கோலும், மலையாக மடிக்கும் பழுப்புத் தாளும், குளமாகத் தோன்றும் கண்ணாடித் துண்டும், புல்லுக்கென முளைக்கவிட்ட கேழ்வரகும் ஒவ்வொன்றாய் வந்து சேருகின்றன. அண்மைக் காலமாக இவற்றோடு புதிய விருந்தாளி ஒன்றையும் சில இல்லங்களில் காண்கிறோம். ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கற்களால் சிறுவர் கட்டிய வீடும், கடையும், கோபுரமுமே அவ்விருந்தாளி. கட்டி முடித்த சிறுவர் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "சாமி, இதற்குள் விளக்கு எரிய வைக்க முடியுமா?" முடியும். எவ்வாறு என்பதையும், எவ்வளவு கவனம் தேவை என்பதையும் இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

தச்சர் பட்டறையில் பிறந்த கல்

இக்கற்களுள் பெயர்பெற்றது 'லெகோ'. டென்மார்க்கு நாட்டின் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலெ கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாய் விளையாடு' எனப் பொருள்படும் டேனிஷ் சொற்களிலிருந்து அமைந்ததே அப்பெயர். 1949-இல் பிளாஸ்டிக் கற்கள் வந்தன. 1958-இல் அவற்றின் இன்றைய பொருத்தும் முறை காப்புரிமை பெற்றது. அன்று வார்த்த கல்லும் இன்று வார்க்கும் கல்லும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. தச்சரான புனித சூசையப்பரின் இல்லத்தைப் போற்றும் நமக்கு, ஒரு தச்சர் பட்டறையிலிருந்து குழந்தைகளுக்கு இவ்விளையாட்டு வந்ததை அறிவது மகிழ்ச்சியே.

தீவட்டியிலிருந்து மின்விளக்கு வரை

குடிலுக்கும் ஒளிக்கும் உள்ள உறவு பழமையானது. 1223-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில், இத்தாலியின் கிரேச்சோ மலைச்சிற்றூரில், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் வைக்கோல் நிரம்பிய தீவனத்தொட்டியையும், உயிருள்ள எருதையும் கழுதையையும் வைத்துப் பெத்லகேம் காட்சியை அமைத்தார். அங்குச் சுரூபங்கள் இல்லை. சுற்று வட்டாரத்து மக்கள் கையிலேந்தி வந்த மெழுகுவர்த்திகளும் தீவட்டிகளுமே அவ்விரவுக்கு ஒளி தந்தன. நிகழ்ச்சியை எழுதிவைத்தவர் செலானோ தோமாஸ். 1882-இல் நியூயார்க்கில், எடிசனின் உடனுழைப்பாளர் எட்வர்டு ஜான்சன், தம் இல்லத்துக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 மின்விளக்குகளை எரியவைத்தார். மரக்கிளைகளில் மெழுகுவர்த்தி ஏற்றித் தீவிபத்துக்கு அஞ்சிய மேலை நாட்டவர்க்கு அது புது வழி காட்டியது.

பழைய இழை விளக்குகள் வெகுவாய்ச் சூடேறும். பிளாஸ்டிக் வீட்டிற்கு அவை ஆகா. எல்.இ.டி. விளக்கோ மிகக் குறைந்த மின்சாரத்தில், சொற்பச் சூட்டுடன் எரிகிறது. நீல ஒளி தரும் எல்.இ.டி.யை ஆக்கிய ஜப்பானில் பிறந்த மூன்று அறிஞர்கள் 2014-இல் இயற்பியல் நோபெல் பரிசு பெற்றனர். அந்நீல ஒளியின்மீது மஞ்சள் ஒளிரும் பூச்சு இட்டே வெண்ணிற விளக்கு கிடைக்கிறது.

அமைக்கும் முறை

மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள, மஞ்சள் சாயல் கலந்த வெண்ணிற எல்.இ.டி. ஒவ்வொரு வீட்டிற்கும் ஒன்று போதும். அதற்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். 1.5 வோல்ட் பென்டார்ச் செல்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 4.5 வோல்ட் கிடைக்கும். மிகுந்த 1.5 வோல்ட்டைத் தாங்க, ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே 100 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்க்க வேண்டும். அப்போது 15 மில்லி ஆம்பியர் மட்டுமே ஓடும். மின்தடையின்றி இணைத்தால் விளக்கு விரைவில் கெட்டுவிடும். விளக்கின் நீண்ட கால் நேர்முனை, குட்டையான கால் எதிர்முனை. மாற்றி இணைத்தால் எரியாது.

மயிரிழை போன்ற வார்னிஷ் கம்பி இரு கற்களின் இடுக்கில் நுழைந்துவிடும். இணைக்கும் முனையில் மட்டும் வார்னிஷைச் சுரண்டி நீக்குக. விளக்கை மேற்கூரையின் உட்புறம் வைத்து, சன்னலின் உள்ளே எண்ணெய்த்தாள் ஒட்டினால் ஒளி மென்மையாய்ப் பரவும். வெளிர்நிறச் சுவர் வழியே ஒளி கசிந்தால் உள்ளே கறுப்புத் தாள் இடுக. பளபளக்கும் அலுமினியத் தாள் வேண்டா. அது மின்சாரத்தைக் கடத்தும். ஐந்து வீடுகளை மாலைதோறும் இரண்டு மணி நேரம் எரித்தால், தரமான செல்கள் மூன்றரசர் திருநாள் வரை ஏறத்தாழத் தாங்கும். கற்களைப் பசையிட்டு ஒட்டாதீர்கள். அடுத்த ஆண்டு வேறோர் ஊரைக் கட்டலாம் அன்றோ!

பெற்றோர் கவனத்திற்கு

முதலாவது, காசு போன்ற வட்ட மின்கலம். கடையில் விற்கும் சிறு விளக்குகள் பலவற்றில் இதுவே இருக்கிறது. குழந்தை இதை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கினால், இரண்டு மணி நேரத்திற்குள் கடும் காரப்புண் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே திருகாணியால் மூடப்பட்ட பெட்டியில் உள்ளதையே வாங்குங்கள். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இரண்டாவது, 230 வோல்ட்டில் நேரே செருகும் சீரியல் விளக்கு. வைக்கோல், பஞ்சு, காகிதம் ஆகிய மூன்றும் தீப்பற்றுபவை. தோல் உரிந்த கம்பி ஒன்று அவற்றின் நடுவே கிடந்தால் என்ன ஆகும்! நள்ளிரவுத் திருப்பலிக்குக் குடும்பமே கோவிலுக்குப் புறப்படும் வேளையில்தான் வீடு ஆளின்றிக் கிடக்கும். அப்போது சுவிட்சை அணைத்து, செருகியையும் பிடுங்கிவிட்டு வாருங்கள். பாலன் இயேசுவை வைக்கத் திரும்பி வந்ததும் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

யார் கையால் ஏற்றுவது?

ஊர் முழுதும் ஒளிர்ந்தாலும் குடில் இருண்டிருந்தால் சிறுவர் உழைப்பு பொருளற்றதாகும். அன்று பெத்லகேமிலும் விளக்கெரிந்த வீடுகள் பல இருந்திருக்கும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு இடந்தந்த வீடு எது? ஆகவே வீடுகளின் ஒளியைச் சற்று அடக்கி, தீவனத்தொட்டியின்மேல் விழும் ஒளியைச் சிறிது மிகுதியாக்குங்கள்.

இக்கற்களின் விலை எளிய குடும்பங்களால் எட்ட இயலாதது. தீப்பெட்டியாலும் மருந்து அட்டையாலும் வீடு செய்து, அதே விளக்கை அதனுள் வைத்தால் அதே ஒளிதான் வரும். இரண்டையும் ஒரே குடிலில் அருகருகே வைக்க நம் பிள்ளைகள் பழகட்டும்.

மற்றொன்றும் சொல்ல விழைகிறோம். இவ்வாண்டு சாவு நிகழ்ந்த வீடுகளில் குடில் கட்டமாட்டார்கள், நட்சத்திரமும் தொங்காது. பெரியவர் துக்கம் காப்பது முறையே. ஆயினும் அவ்வீட்டுச் சிறுவன் தெருவெல்லாம் ஒளிரும்போது தன் திண்ணையில் இருளில் அமர்ந்திருப்பான். அவனை உங்கள் வீட்டிற்கு அழைத்து வாருங்கள். உங்கள் பிள்ளைகள் கட்டிய ஊரின் சுவிட்சை முதலில் அவன் போடட்டும். கிரேச்சோ மக்கள் தத்தம் கைவிளக்கோடு வந்ததால்தான் அவ்விரவு ஒளிபெற்றது. நம் தெருவில் ஒரு கை விடுபட்டுப் போகவேண்டாம்.