சீட்டு என்னாச்சு, மாப்ள?

ஆடி பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து மண்டபங்களில் ஆட்டுக்கறி மணக்கும். மொய் விருந்துக் காலம். இதற்குக் கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை. பணம் தேவைப்படும் சிலர் சேர்ந்து, செலவைப் பங்கு போட்டு, பத்திரிகை அடித்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். சாப்பிட்டு எழுந்தவர், தான் முன்பு வாங்கிய மொய்யைத் திருப்பி எழுதி, மேலே கொஞ்சம் புது மொய்யும் வைப்பார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நோட்டுதான் சாட்சி. பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் ஒருவர் விருந்து வைக்கலாம் என்பது வழக்கம்.

நான் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ஆடியில் மொய் எழுதவும் கூப்பிடுவார்கள். அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்ததில் சொல்கிறேன்: மொய் வாங்குகிறவர் வாயால் நன்றி சொல்வதில்லை, வைக்கிறவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. அதற்காக யாரும் யாரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. மனத்தாங்கல் வருவதெல்லாம் நோட்டில் ஏறாத உதவியில்தான். ராத்திரி நேரத்தில் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு ஆம்புலன்ஸில் கூடப் போனதையும், கூட்டுறவு சங்கத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டதையும், டேங்க் நிறைய பெட்ரோலோடு பைக்கைக் கொடுத்து காலியாகத் திரும்ப வாங்கியதையும் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். "மாப்ள, வருமானச் சான்றிதழ் ஒண்ணு போட்டு விடுடா" என்று ஆதார் அட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவான். வேலை முடிந்ததும் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். ஒரு வார்த்தை வராது. அவன் மகளுக்கு இன்ஜினியரிங் கலந்தாய்வு வந்தபோது முதல் பட்டதாரிச் சான்றிதழில் தொடங்கி கல்லூரி விருப்பப் பட்டியல் வரை எல்லாம் என் கடையில்தான் நடந்தது. எந்தக் காலேஜை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நடுராத்திரி வரை உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அந்தப் பிள்ளைக்கு எங்கே சீட்டு கிடைத்தது என்பதை டீக்கடையில் வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. பிரான்சிஸ் ஃப்ளின் என்ற அமெரிக்கப் பேராசிரியர், விமான நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு ஊழியர்களிடம் ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உதவி நடந்த சூட்டில் வாங்கியவர்தான் அதைப் பெரிதாக நினைக்கிறார். கொடுத்தவர் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்கிறார். நாளாக ஆக இது தலைகீழாகிறது. வாங்கியவர் மனதில் உதவி இளைக்கிறது, கொடுத்தவர் மனதில் கொழுக்கிறது. எனக்கு அந்த நடுராத்திரி நேற்றுப்போல இருப்பதும், அவனுக்கு அது என்றோ கடைக்கு வந்துபோன ஒரு நாளாக இருப்பதும் இதனால்தான்.

நன்றி சொல்லும் பழக்கமே நாம் நினைக்கிற அளவுக்கு உலகத்தில் இல்லை. ஐந்து கண்டங்களில் எட்டு மொழிகள் பேசுகிறவர்களின் வீட்டுப் பேச்சையும் தெருப் பேச்சையும் பதிவு செய்து ஆராய்ந்த முடிவு 2018இல் வந்தது. அதை எடு, இதைக் கொடு என்று கேட்டுக் கிடைத்த சின்னச் சின்ன உதவிகள் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் சுமார் இருபதுக்கு ஒன்றுக்குத்தான் நன்றி வாயால் சொல்லப்பட்டிருந்தது. எதற்கெடுத்தாலும் 'தேங்க்ஸ்' சொல்வதாக நாம் நினைக்கும் இங்கிலீஷ்காரர்களே ஏழுக்கு ஒரு தடவைதான் சொல்லியிருந்தார்கள். பழகியவர்களுக்குள் உதவி, மூச்சு மாதிரி நடந்துகொண்டிருக்கிறது.

அதே 2018இல் வந்த இன்னொரு ஆய்வு, வாய் திறக்காதவர்களின் மனதை எட்டிப் பார்க்கிறது. அமித் குமார், நிகோலஸ் எப்லி என்ற இரண்டு பேர், சிலரை நன்றிக் கடிதம் எழுத வைத்தார்கள். வாங்குகிறவருக்கு இது கூச்சமாக இருக்கும், பெரிதாக ஒன்றும் மகிழமாட்டார் என்று எழுதியவர்கள் கணித்தார்கள். வாங்கியவர்களைக் கேட்டால், கூச்சம் நினைத்ததைவிடக் குறைவு, மகிழ்ச்சி நினைத்ததைவிட அதிகம். வாயை மூடிக்கொண்டிருப்பவன் எல்லாம் நன்றி கெட்டவன் இல்லை. 'இதைப் போய்ச் சொல்லணுமா, அவனுக்குத் தெரியாதா' என்று நினைப்பவனும் உண்டு.

இதையெல்லாம் வைத்து யோசித்தபோது, என்னைக் குடைந்தது நன்றி இல்லாதது அல்ல என்று புரிந்தது. சீட்டு என்னாச்சு என்று அவன் எனக்குச் சொல்லவில்லை. நம் ஊரில் நெருங்கியவர்கள் நன்றி சொல்வதில்லை, சேதி சொல்வார்கள். "ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது", "கரண்ட் கனெக்சன் குடுத்துட்டாங்க", "பொண்ணு வீட்ல சரின்னுட்டாங்க" என்று வந்து சொல்வதில் எல்லாம் அடங்கிவிடும். அந்தச் சேதி வராவிட்டால், நமக்கு அதில் பங்கே இல்லை என்று ஆகிவிடுகிறது. அதுதான் வலிக்கிறது.

ஆகவே நன்றியைக் கேட்காதீர்கள், சேதியைக் கேளுங்கள். "ஒரு நன்றிகூடச் சொல்ல மாட்டியா" என்று கேட்டால் எதிரில் இருப்பவன் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவான், பிறகு சண்டைதான். நான் கேட்டது இப்படி: "சீட்டு என்னாச்சுன்னு எனக்குத்தான மாப்ள மொதல்ல சொல்லியிருக்கணும்? நானும் காத்துக்கிட்டுத்தான இருந்தேன்." அவன் திகைத்துப்போய், "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். நீதானடா எல்லாம் பண்ணுன" என்றான். இப்போது போன் வருகிறது. "பட்டா மாறிருச்சுடா" என்பான், வைத்துவிடுவான். அவனிடமிருந்து இவ்வளவு வந்தாலே மழை.

அவனை விட்டுவிடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்து எங்கள் பக்கத்துத் தென்னையெல்லாம் சாய்ந்தது. என் வீட்டு ஓட்டின் மேல் கிடந்த மரத்தை அறுக்க, யாரும் கூப்பிடாமலே மெஷினைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்தவன் அவன். அன்றைக்குக் கொடுத்த டீக்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

வாய் நிறைய "ரொம்ப தேங்க்ஸ்ண்ணே" சொல்கிறவர்களும் கடைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவரிடம், மகனைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவரக் கேட்டால் அன்றைக்குப் பார்த்து வண்டி பஞ்சராகியிருக்கும். ஆளைத் தெரிந்துகொள்ள, நன்றி சொல்கிறாரா என்று பார்ப்பதைவிட, சின்னதாக ஒரு உதவி கேட்டுப் பார்ப்பது நல்லது.

திருக்குறளில் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அது முக்கியமாக உதவி வாங்கியவனுக்கு. கொடுப்பவனுக்கு 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல் தனியாக இருக்கிறது. கொடுத்தவன் தன் பாடத்தை விட்டுவிட்டு மற்றவன் பாடத்தைச் சத்தமாகப் படிக்கும்போதுதான் நட்பில் விரிசல் விழுகிறது.

சொல்லவும் மாட்டார், சேதியும் தரமாட்டார், கேட்டால் வரவும் மாட்டார் என்ற ரகத்துக்கு என்ன செய்வது? நேரத்தை மட்டும் தின்னும் உதவியை, மனமிருந்தால் செய்யுங்கள், செய்ததை அன்றைக்கே விட்டுவிடுங்கள். பணம், பைக், ஜாமீன் கையெழுத்து போன்று போனால் நெஞ்சு பதறும் எதற்கும் "இந்தத் தடவை முடியாதுப்பா" என்று சொல்லி நிறுத்துங்கள். காரணம் அடுக்க வேண்டாம், அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு வழி சொல்வார். பழக்கத்தை முறிக்கவும் வேண்டாம். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். பைக் சாவி மட்டும் நம் பையில் இருக்கட்டும்.