அறுவை மருத்துவத்தில் பணிச்சோர்வும் பாலினச் சமனின்மையும்

அறுவை மருத்துவத்தில் பணிச்சோர்வு என்பது நீண்ட வேலைநேரம், ஓய்வின்மை, உயிர் காக்கும் பொறுப்பு ஆகியவற்றால் அறுவை மருத்துவர்களுக்கு நாளடைவில் ஏற்படும் தளர்ச்சி ஆகும். பெண் மருத்துவர்கள் இதனுடன் பாலினச் சமனின்மையையும் எதிர்கொள்கின்றனர்.

வரையறை

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய்களின் பன்னாட்டு வகைப்பாடு (11 ஆம் பதிப்பு), பணிச்சோர்வை நோயாக அன்றி வேலைசார் நிகழ்வாகவே குறிக்கிறது. அதன் கூறுகள் மூன்று:

* ஆற்றல் வற்றிப்போதல்
* வேலையிலிருந்து மனம் விலகுதல்
* வேலைத்திறன் குறைந்துவிட்டதாக உணர்தல்

ஆகவே இதனைத் தனிமனிதரின் மனவலிமைக் குறைவாகக் கொள்வது பொருந்தாது. வேலை அமைப்பையே முதலில் ஆராய வேண்டும்.

ஊக்கம்

உளவியலாளர்கள் எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரையன் ஆகியோரின் கோட்பாட்டின்படி, தன்னுரிமை, திறன், பிறருடனான பிணைப்பு ஆகிய மூன்றும் உள்ளார்ந்த ஊக்கத்திற்கு அடிப்படை. அறுவைத் திறன் கைப்பழக்கத்தால் வருவது. பயிற்சியில் கத்தியைப் பிடிக்கும் வாய்ப்பு பெண்ணுக்குக் குறைந்தால், திறனும் ஊக்கமும் ஒருசேரக் குறையும்.

தமிழகத்தில் பெண்கள்

முத்துலட்சுமி ரெட்டி 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் பட்டம் பெற்றார். அதே கல்லூரியில் பயின்ற டி. எஸ். கனகா (1932-2018) 1968 இல் நரம்பியல் அறுவையில் உயர்பட்டம் பெற்றார். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவராக அவர் கருதப்படுகிறார். அத்துறையில் ஏறத்தாழ ஆண்களே இருந்த காலம் அது. பின்னர் பெண்கள் பெருமளவில் மருத்துவம் பயின்றபோதும், மகப்பேறு மருத்துவத்தை நாடிய அளவிற்குப் பொது அறுவை, எலும்பு அறுவை போன்ற துறைகளை நாடவில்லை.

காரணங்கள்

* மகப்பேறு, குழந்தை வளர்ப்புக் காலமும் பயிற்சிக் காலமும் ஒன்றாக அமைதல்
* வீட்டுவேலையின் பெரும்பகுதி பெண்ணின் மேல் விழுதல்
* முன்மாதிரியாகக் கொள்ளத்தக்க மூத்த பெண் மருத்துவர்கள் குறைவாக இருத்தல்
* பெரிய கைகளுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட கருவிகள்
* பெண் மருத்துவரை நோயாளிகள் செவிலியர் எனக் கருதுதல்

வேலைநேரம்

இந்திய நடுவண் அரசின் 1992 ஆம் ஆண்டு நெறிமுறை, பயிற்சி மருத்துவரின் தொடர்ப்பணி இயல்பாக நாளுக்கு 12 மணிநேரத்தை மிஞ்சக்கூடாது என்றது. நடைமுறையில் இது பரவலாக மீறப்படுகிறது. 2024 இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரத்திற்கு 74 மணிநேர உச்சவரம்பையும் ஒரு நாள் விடுப்பையும் பரிந்துரைத்தது.

நோயாளிகளும் சமனின்மையும்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2023 இல் வெளியான ஆய்வில், பெண் அறுவை மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றோருக்குப் பாதகமான விளைவுகள் சற்றுக் குறைவாகவே காணப்பட்டன. ஆதலால் திறமையான பெண்கள் சோர்ந்து இத்துறையை விட்டு விலகுவது நோயாளிகளுக்கும் இழப்பே ஆகும்.